வீட்டு மொழி: ஆங்கிலம்

1

நாங்கள் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம் நிறைந்த அன்று கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். ரவையில் சர்க்கரை போடும் நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் தமிழினியின் வளர்ச்சி குறித்துச் சில கவலைகள் இருக்கின்றனவாம். வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு வந்து பேச வேண்டுமாம். தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வார்களாம்.

கவலை என்ற சொல்லைவிட மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. யாருக்கு மொழிபெயர்ப்பாளர்? கந்தர்வக்கோட்டையில் ஒன்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த கலா டீச்சருக்கா? உடனே பதில் எழுதினேன். மூன்று வரியில் இரண்டு ‘கைண்ட்லி’, கடைசியில் ஒரு ‘டூ த நீட்ஃபுல்’. இந்த ஆங்கிலத்தைப் பார்த்த பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பற்றிப் பேசுவார்களா, பார்த்துவிடலாம் என்று அனுப்பினேன். கேசரி அடிப்பிடித்திருந்தது.

சாயங்காலம் என் கணவர் சரவணன் பட்டறையிலிருந்து வந்தார். லாரிக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்கிற இடத்தில் அவர் வெல்டர். வீட்டுக்குள் தமிழ் கூடாது என்பது என் சட்டம். அதனால் பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு மின்னஞ்சலைப் பற்றிக் கேட்டார்.

“வளர்ச்சியா? போன வருசம் வாங்குன பேன்ட் கணுக்காலுக்கு மேல நிக்குது. இன்னும் என்ன வளர்ச்சி வேணுமாம் அவங்களுக்கு?”

“கம் இன்சைடு அண்ட் டாக் இன் இங்கிலீஷ்,” என்றேன்.

அவர் உள்ளே வந்தார். பேச்சு நின்றது.

2

ஊரில் நான் வேலை பார்த்தது ஓர் உரக்கடைக்கு மாடியில் நடந்த நர்சரி பள்ளியில். கரஸ்பாண்டன்ட் அதற்கு முன் அரிசி மில் நடத்தியவர். மில்லில் நெல்லைத் தரம் பிரித்த பழக்கத்தில் பிள்ளைகளையும் பிரித்தார். அட்மிஷன் நேரத்தில் பிள்ளைக்கு முன்னால் பெற்றவர்களுக்குத்தான் இன்டர்வியூ. அதை நடத்தும் பொறுப்பு என்னுடையது.

அப்பா என்ன படித்திருக்கிறார், அம்மா என்ன படித்திருக்கிறார், வீட்டில் ஆங்கிலப் பேப்பர் வாங்குகிறார்களா என்று கேட்பேன். டிகிரி என்றால் ஏ செக்‌ஷன். பத்தாவது ஃபெயில், விவசாயம், கூலி என்றால் பி செக்‌ஷன். ஏ செக்‌ஷனுக்கு ஜன்னல் உண்டு, ஃபேன் உண்டு, நானும் உண்டு. பி செக்‌ஷனுக்கு தகரக் கூரையும், ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த ஒரு பெண்ணும். வருடக் கடைசியில் ஏ செக்‌ஷன் பிள்ளைகள் மேடையேறி ஆங்கிலத்தில் ஒப்பிப்பார்கள். பி செக்‌ஷன் பிள்ளைகள் கும்மி அடிப்பார்கள். “பாத்தீங்களா டீச்சர், குடும்பம் எப்படியோ அப்படித்தான் புள்ளைக்கு இங்கிலீஷ் வரும்,” என்பார் கரஸ்பாண்டன்ட். நானும் தலையாட்டுவேன். நாங்களே சமைத்த குழம்பை நாங்களே ருசி பார்த்து, அடடா என்ன ருசி என்று வியந்துகொண்டிருந்தோம்.

ஒரு வருடம் பாக்கியம் என்ற பெண் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல்கள் கறுத்து, தோல் உரிந்திருந்தன. விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்தாள். ‘வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை’ என்று ஓரத்தில் எழுதி, மகள் கௌரியை பி செக்‌ஷனுக்கு அனுப்பினேன். கௌரி அன்றே ஏ, பி, சி, டி முழுவதையும் தடங்கலில்லாமல் சொன்னாள். கடையில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளைப் பார்த்துத் தானாகவே எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். ஆனால் அதற்கென்று விண்ணப்பத்தில் கட்டம் எதுவும் இல்லையே.

மூன்று மாதம் கழித்து பாக்கியம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மத்தியானத்தில் வந்து நின்றாள்.

“டீச்சர், எம்புள்ளய ஏன் அங்கிட்டு உக்கார வச்சிருக்கீங்க? அது நல்லாத்தான படிக்குது?”

“ரூல்ஸ்மா. வீட்டுல சொல்லிக்குடுக்க யாரும் இல்லைல்ல, அதான்.”

“வீட்டுல சொல்லிக்குடுக்க ஆளு இருந்தா நா எதுக்குங்க டீச்சர் ஒங்க ஸ்கூலுக்கு வாரேன்?”

மறுபடியும் “ரூல்ஸ்மா” என்றேன். அடுத்த வருடம் கௌரி அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதில் எனக்கு நிம்மதிதான். அதுதான் இப்போது எழுதவும் கூசுகிறது.

3

கனடாவில் பிள்ளையைச் சேர்க்கும்போது ஒரு படிவம் தருவார்கள். வீட்டில் பேசும் மொழி எது, பிள்ளை முதலில் பேசிய மொழி எது, பெற்றோர் தங்களுக்குள் பேசும் மொழி எது என்று மூன்று கேள்விகள். எனக்கு உதவிக்கு வந்தவர் வித்யா. சென்னைக்காரர். அவரும் கணவரும் கணினி வேலை. இந்த ஊருக்கு வந்து பத்து வருடம் ஆகிறது.

“கலா, தமிழ்னு மட்டும் எழுதிடாதீங்க. தமிழ்னு எழுதினா குழந்தையைத் தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. இங்கிலீஷ் தெரியாத பசங்களோட உக்கார வைப்பாங்க. அப்புறம் அங்கேர்ந்து மீள்றது கஷ்டம்.”

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. தகரக் கூரை போட்ட தனி ரூம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மூன்று கேள்விக்கும் ‘ஆங்கிலம்’ என்று எழுதினேன். பிள்ளையின் பெயர் தமிழினி. பிள்ளை முதலில் பேசிய மொழி ஆங்கிலம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இரண்டும் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

எழுதிய பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே வீட்டில் தமிழுக்குத் தடை போட்டேன். தமிழினி “அம்மா, பசிக்குது” என்றால் எனக்குக் காது கேட்காது. “மம்மி, ஐ ஆம் ஹங்ரி” என்றால் தோசை வரும். அதைத் தப்பாகச் சொன்னால் திருத்திவிட்டுத்தான் தோசை. சரவணன் ஐடிஐ முடித்து எட்டு வருடம் சிங்கப்பூரில் இருந்தவர். அங்கே சீனரோடும் வங்காளிகளோடும் பேசிப் பழகிய ஆங்கிலம் ஒன்று அவரிடம் இருந்தது. “கேன் லா, நோ நீட் லா” என்று இலக்கணத்தை வெல்டிங் வைத்து ஒட்டிய ஆங்கிலம். அதைப் பிள்ளைக்கு முன்னால் பேசக் கூடாது என்று அதற்கும் தடை போட்டேன். ஆக, அவருக்குத் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

“நீ சொல்ற இங்கிலீஷ்ல எனக்குப் பசிக்கக்கூட மாட்டேங்குது கலா,” என்று ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்.

எங்கள் வீடு அமைதியான வீடாயிற்று. சாப்பாட்டு மேசையில் ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்கும். கனடாக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் நாகரிகமாகச் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

4

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு நானும் தமிழினியும் போனோம். சரவணனுக்கு வேலை. வகுப்பு ஆசிரியை இளம்பெண், நல்ல மாதிரி. குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். முழங்கால் தாடையில் இடித்தது. மேசையின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

“ஐ வாஸ் ஆல்சோ இங்கிலீஷ் டீச்சர்,” என்று ஆரம்பித்தேன்.

“சாரி?” என்றார்.

இன்னொரு முறை சொன்னேன். “சாரி?” மூன்றாம் முறை ஒவ்வொரு சொல்லாக, பி செக்‌ஷன் பிள்ளைகளிடம் சொல்வதுபோல் சொன்னேன். அவர் முகத்தில் பெரிய புன்னகை மலர்ந்தது. எதுவும் புரியவில்லை என்பதற்கு இந்த ஊரில் அப்படித்தான் சிரிப்பார்கள். பிறகு அவர் பேசினார். வேகமாகப் பேசினார். அதில் எனக்குப் புரிந்தவை ‘மௌனம்’, ‘இரண்டு வருடம்’, ‘சோதனை’. கடைசியாக ‘மனநல நிபுணர்’ என்று காதில் விழுந்ததும் என் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

ஆசிரியை தொலைபேசியை எடுத்தார். ஸ்பீக்கரில் ஓர் அம்மாவின் குரல். யாழ்ப்பாணத் தமிழ்.

“வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் ரெண்டு பகுதியும் கதைக்கிறது எல்லாத்தையும் நான் ஒண்டும் விடாமல் அப்பிடியே சொல்லுவன். சரியோ?”

சரி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதை அவர் ஆங்கிலத்தில் மறுபடி சொன்னார்.

அப்போதுதான் விஷயம் முழுதாக வெளியே வந்தது. தமிழினி வகுப்பில் பேசுவதில்லை. கேட்ட கேள்விக்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னால் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு மொழி பேசும் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் முதல் இரண்டு வருடம் இப்படி இருப்பது வழக்கம், கவலைப்பட ஒன்றுமில்லை, அதற்கென்று தனி வகுப்பு இருக்கிறது. ஆனால் தமிழினியோ பிறந்ததிலிருந்து ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டில் வளர்கிறவள். தாய்மொழியே ஏழு வயது வரை வரவில்லை என்றால் மூளை வளர்ச்சியில் ஏதோ குறை இருக்கலாம். சோதனைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை நீட்டினார்.

ஸ்பீக்கரில் குரல் சற்றுத் தயங்கியது. “அம்மா, இது நானாகக் கேக்கக்கூடாது, எண்டாலும் சரியாச் சொல்லவேணுமெண்டு கேக்கிறன். பிள்ளையின்ட பேர் தமிழினி. வீட்டில ஆங்கிலம் மட்டுந்தானோ?”

கையில் பேனா. முன்னால் இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய படிவம். மூன்று கட்டத்திலும் என் அழகான கையெழுத்து. எழுதியது பொய் என்று சொன்னால் என்ன செய்வார்கள் என்று தெரியாது. விசாவைப் பிடுங்கி விமானத்தில் ஏற்றிவிடுவார்களோ என்றுகூட ஒரு நொடி ஓடியது. இந்தப் பக்கம் தமிழினி தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவகிட்ட அந்தப் படத்தக் காட்டித் தமிழ்ல கேளுங்க,” என்றேன். அந்தக் கட்டடத்துக்குள் நான் பேசிய முதல் தமிழ் அது.

ஆசிரியை படத்தை எடுத்து வைத்தார். ஒரு குடும்பம் புல்வெளியில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. நாய் ஒன்று ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. மழை வருகிறது. “தமிழினிக் குஞ்சு, இந்தப் படத்தில என்ன நடக்குதெண்டு எனக்குச் சொல்லுங்கோ பாப்பம். எனக்குப் படம் தெரியாது,” என்றது தொலைபேசி.

தமிழினி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் நம்பவில்லை. இன்னொரு முறை அசைத்தேன்.

“நாயி ரொட்டியக் கவ்விக்கிட்டு அங்கிட்டு ஓடுது. அந்த அப்பா செருப்புப் போடாம வெரட்டுறாரு. கல்லு குத்தும்ல? மழ வேற தூத்தலடிக்குது. அந்த ஆன்டி துணிய மடிக்கிறாங்க, ஆனா கேக்கு அதுக்குள்ளயே இருக்கு, அதப் பாக்கல.”

நிறுத்தாமல் போனாள். தூத்தலடிக்குது! அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் காருக்குள் சரவணன் தினமும் இருபது நிமிடம் களவாகத் தமிழ் நடத்தியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். ஆசிரியை எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

படத்தின் ஓரத்தில் ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் ஏன் சும்மா இருக்கிறாள் என்று ஆசிரியை கேட்கச் சொன்னார்.

“அந்தப் பிள்ளையா? அது பேசாது. தமிழ்ல பேசுனா அவங்க அம்மா திட்டுவாங்க. இங்கிலீஷ்ல தப்பாப் பேசுனாலும் திட்டுவாங்க. அதான் கம்முனு இருக்கு.”

தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் சொன்ன சொல் மாறாதவர். ஒன்றும் விடாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று ஒன்பது வருடம் பீற்றிக்கொண்டதற்குப் பலன், அதை இரண்டு தடவை கேட்டேன்.

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் பேனாவை மேசையில் வைத்தேன்.

“அந்த அம்மா நான்தான். அந்த ஃபார்ம்ல எழுதுனது பொய்யி. எங்க வீட்டுல யாருக்கும் அப்படி ஒன்னும் இங்கிலீஷ் வராது.”

5

விசாவை யாரும் பிடுங்கவில்லை. புதுப் படிவம் தந்தார்கள், அவ்வளவுதான். மூன்று கட்டத்திலும் தமிழ் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் ஆசிரியையின் முகம் சந்தேகத்திலிருந்து பரிதாபத்துக்கு மாறியது. வீட்டில் குழந்தைப் புத்தகங்கள் எத்தனை, நான் எத்தனையாவது வரை படித்தேன், குழந்தை காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறாளா என்று வரிசையாகக் கேள்விகள். கிளம்பும்போது பழைய குளிர்ச்சட்டை ஒன்றும், இலவச உணவு கிடைக்கும் இடத்தின் முகவரியும் தந்தார். எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டு குளிர்ச்சட்டை இருக்கின்றன. ஆங்கிலம் இல்லை என்று சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் எங்களுக்குச் சோறும் துணியும் இல்லாமல் போய்விட்டன. நானும் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். பாக்கியத்துக்கு நான் அந்த அளவுகூடத் தரவில்லையே.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தத் தனி ரூமில் ஜன்னல் இருந்தது. ஃபேனுக்குப் பதில் ஹீட்டர் இருந்தது. ஆறே பிள்ளைகள். பஞ்சாபிப் பிள்ளை ஒன்று, பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் இரண்டு, உக்ரைன் பிள்ளை ஒன்று என்று உட்கார்ந்திருந்தார்கள். அங்கே பாடம் எடுப்பவர் நரைத்த தலையும் உரத்த குரலுமாக இருந்த ஓர் ஆசிரியை. அவர் எனக்கு இட்ட முதல் கட்டளை: வீட்டில் தமிழில் பேசுங்கள், நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், சண்டை போடுங்கள், தமிழில் தெரிந்த விஷயத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் கற்றுக்கொள்வது சுலபம், எதுவுமே தெரியாத பிள்ளைக்கு எந்த மொழியில் சொல்லித்தர முடியும்?

கந்தர்வக்கோட்டையில் தமிழ் பேசிய பிள்ளையை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவள் நான். ஒன்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வீட்டில் தடை நீங்கியது. சரவணன் இரண்டு வருடத்துப் பேச்சை ஒரே வாரத்தில் பேசித் தீர்த்தார். பட்டறைக் கதை, சிங்கப்பூர்க் கதை, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பையைத் தொலைத்த கதை. சோற்றில் கை காய்ந்தது. “கொஞ்சம் வாய மூடுங்களேன்,” என்று நான் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வித்யாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார்.

“ஐயோ கலா, ஃபார்ம்ல இங்கிலீஷ்னு போடச் சொன்னேன், கரெக்ட். ஆனா நீங்க வீட்டுல நிஜமாவே தமிழ்தான் பேசுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. அவர் வீட்டில் அலமாரி நிறையக் குழந்தைப் புத்தகங்கள். அவர் பையன் கனவில்கூட ஆங்கிலத்தில்தான் உளறுவான். அந்த வீட்டில் ‘ஆங்கிலம்’ என்ற வார்த்தை உண்மை. அதையே என் வீட்டுக்குத் தூக்கி வந்ததும் பொய்யாகிவிட்டது. யோசனை கேட்கும்போது அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்றும் கேட்டிருக்க வேண்டும்.

தமிழினி ஒரே நாளில் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள் என்று நினைக்காதீர்கள். முதலில் ஒற்றைச் சொல், பிறகு தப்புத் தப்பாக வாக்கியங்கள். பனி உருகத் தொடங்கிய மாதத்தில் வகுப்புக்கு முன்னால் நின்று, அப்பா டிரெய்லர் செய்வது எப்படி என்று நான்கு நிமிடம் பேசினாள். ஸ்பெல்லிங் இன்னும் தகராறுதான். சோதனைத் தாளை நான் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தேன்.

6

கோடையில் நூலகத்தின் அடித்தளத்தில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு தொடங்கியது. சரவணன் பட்டறையில் சான்றிதழ் கேட்டார்கள் என்று சேர வந்தார். அவருக்குத் துணையாகத்தான் நானும் போனேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று முதலில் ஒரு தேர்வு. எழுத்துத் தேர்வில் என்னை யாரும் அசைக்க முடியாது. செயப்பாட்டு வினையில் புகுந்து விளையாடினேன். அப்புறம் பேச்சுத் தேர்வு. எதிரே ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. “நேற்று என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். பசு ஒரு வீட்டு விலங்கு என்று தொடங்கும் கட்டுரை மாதிரி, “ஞாயிற்றுக்கிழமை ஒரு விடுமுறை நாள்,” என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. எந்தக் காலத்தில் சொல்வது, தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து நாக்கு மடங்கிக்கொண்டது.

பக்கத்து மேசையில் சரவணன், முதலாளியின் வண்டி பனியில் சிக்கியதையும் ஆறு பேர் தள்ளியதில் ஏழாவது ஆளான முதலாளி பள்ளத்தில் விழுந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வினைச்சொல்லும் சரியில்லை. கேட்டவர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தது. சரவணனுக்கு ஐந்தாம் நிலை. எனக்கு அதற்கு ஒரு படி கீழே, நான்கு.

என் மேசைப் பெண்மணி கடைசியாக ஒரு படிவத்தை எடுத்தார். இது எல்லோரிடமும் கேட்பதுதான் என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லிவிட்டுக் கேட்டார்: “வீட்டில் உங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா?”

திரும்பிப் பார்த்தேன். சுவரோர நாற்காலியில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து தமிழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எஸ். டூ பர்சன்ஸ்,” என்றேன். அந்த அம்மாள் அதைத் திருத்தாமல் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து காரில் ஏறியதும் சரவணன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். பின் இருக்கையிலிருந்து தமிழினி என் தோளைத் தொட்டாள்.

“அம்மா, ஒனக்குப் பேச வரலைன்னா தப்பாவே பேசும்மா. நான் ஒன்னும் திட்ட மாட்டேன்.”